ஒரு கிழமைக்கு வந்த கமரா

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். வில்லையையும் அதன் குவியத்தையும் இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருக்கிறேன். ஆனால் ஐம்பத்திரண்டு வயது வரை நல்ல கமரா ஒன்று என் கையில் இருந்ததில்லை. போனில் எடுப்பேன். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்ப்பேன், மனம் சலித்துப்போகும். இரண்டு வருடம் இணையத்தில் தேடித் தேடிப் படித்துவிட்டு, தொடக்கக்காரனுக்கும் தொழில்காரனுக்கும் நடுவில் நிற்கிற ஒரு டிஎஸ்எல்ஆர் கமராதான் எனக்குச் சரி என்ற முடிவுக்கு வந்தேன். அதற்குள் உலகம் அடுத்த படிக்குப் போய்விட்டது. உள்ளே கண்ணாடி இல்லாத, பாரம் குறைந்த கமராக்கள் வந்துவிட்டன. தொழில்காரர்கள் பழையதை விற்கத் தொடங்கினார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

குருநகரில் கலியாணங்களுக்குப் படம் எடுக்கிற ஒருவர் எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு வந்து பழக்கமானவர். கோயில் கலியாணம், தேவாலயக் கலியாணம் என்று எல்லாவற்றுக்கும் போவார். அவரிடம் ஒன்று விலைக்கு இருந்தது. ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கறுப்பு, கொஞ்சம் தேய்ந்தது, கைக்கு அடக்கமானது. கூடவே இரண்டு வில்லைகள். ஒன்று கிட்டத்தையும் தூரத்தையும் எடுக்கிற சூம், மற்றது ஐம்பது மில்லிமீற்றர், சின்னது.

"சேர், நான் நல்லதெண்டு சொன்னால் விக்கிறதுக்காகச் சொல்லுறன் எண்டு நினைப்பியள்," என்றார். "ஒரு கிழமை கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ. பிடிச்சால் எடுங்கோ. இல்லாட்டி அடுத்த சனி கொண்டந்து தாங்கோ."

புறப்படும்போது மேலே இருந்த வட்டத் திருகியைக் காட்டினார். அதில் நம்பர் போட்ட ஓரிடத்தைத் தன் தேவைக்கேற்ப அமைத்து வைத்திருந்தார். "முகம் எடுக்கேக்கை இதிலை வையுங்கோ. ஆக்கள் நல்ல வெளிச்சமா வருவினம்."

உடுப்பிட்டி பஸ்ஸில் கமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் நானும் மனைவியும்தான். மகள் கொழும்பில் வேலை. மனைவி முன்னறையில் மெஷின் போட்டு சீலைச் சட்டை தைக்கிறாள். வல்வெட்டித்துறையிலிருந்தும் ஆட்கள் துணி கொண்டு வருவார்கள். நான் பையைத் திறந்தபோது அவள் மெஷினை நிறுத்தவில்லை. கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு, "வந்திட்டுதோ?" என்றாள்.

என்னிடம் ஒரு அப்பியாசக் கொப்பி இருந்தது. சோதிக்க வேண்டியவற்றையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தேன். படத்தின் நடுப்பகுதி கூர்மையா, மூலைகள் மங்கலா, வெயிலும் நிழலும் ஒரே படத்தில் வந்தால் இரண்டையும் காட்டுமா, ஒளி குறைந்தால் படத்தில் எவ்வளவுக்கு மணல் போலப் புள்ளி விழும், பற்றரி எத்தனை நாள் நிற்கும். முதல் நாள் முழுவதும் எங்கள் மதிலைப் படம் எடுத்தேன். பூசாத கல்மதில். கற்களுக்கு நடுவிலுள்ள கோடுகள் நேராக வருகின்றனவா என்று பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. வில்லையின் ஒவ்வொரு துளை அளவிலும் ஒன்று, ஒவ்வொரு தூரத்திலும் ஒன்று.

மனைவி யன்னலால் எட்டிப் பார்த்தாள். "என்ன, மதிலுக்குப் பாஸ்போட் எடுக்கிறியளோ?"

"பகிடி விடாதையும். இது முக்கியம்."

"மதில் கொஞ்சம் சிரிச்சால் நல்லாயிருக்கும்."

மறுநாள் விடிய வல்வெட்டித்துறைக் கரைக்குப் போய், உள்ளே வரும் வள்ளங்களை எடுத்தேன். ஓடுகிற பொருளை இது துரத்திப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. நடுவிலுள்ள குவியப் புள்ளிகள் கெட்டிக்காரர்கள், சொன்னதைச் செய்தன. ஓரத்துப் புள்ளிகள் சோம்பேறிகள். வள்ளம் ஓரத்துக்குப் போனதும் வில்லை முன்னும் பின்னும் தடுமாறியது. கொப்பியில் எழுதினேன். மூலைகள் கொஞ்சம் மங்கல், அதையும் எழுதினேன். பாரம், கழுத்து நோகிறது. பற்றரியோ சனிக்கிழமை ஏற்றியது அசையாமல் நின்றது. ஆனால் எழுத முடியாத ஒன்றும் இருந்தது. கமராவின் பின்னால் கண் வைத்துப் பார்க்கிற சின்ன யன்னல் ஒன்று உண்டு. அதற்குள் கண்ணை வைத்தால் தெரிவது திரை அல்ல. வில்லையால் வந்து, கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிற அதே கடல் வெளிச்சம். நான் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டுகிற கதிர்ப்படம் என் கண்ணுக்குள் நடந்துகொண்டிருந்தது. எதையும் எடுக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

செவ்வாய்க்கிழமைக்குள் கொப்பியில் எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது. மனிதத் தோலின் நிறம்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். முன்னறை வாசலில் நின்று, "இஞ்சாரும், ஒருக்கா வந்து இந்த வெளிச்சத்திலை நில்லும். முகத்தின்ரை நிறம் எப்பிடி வருகுதெண்டு பாக்கவேணும்," என்றேன்.

மெஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"என்ரை முகத்திலை எந்த நிறத்தைப் பாக்கப்போறியள்?"

அதற்கு எட்டு வருடத்துக்கு முன் அவளுடைய வலது பெருவிரலில் ஒரு வெண்புள்ளி வந்தது. பிறகு மற்ற விரல்கள், வாயின் ஓரங்கள், கண்களைச் சுற்றி, கழுத்து. அவள் நல்ல கறுப்பு. அதனால் வெள்ளை எடுப்பாகத் தெரியும். தோல் டொக்டர், இது தொற்றாது, உடம்புக்குக் கெடுதலும் இல்லை என்றார். இரண்டு வருடம் மருந்து பூசினாள், மருந்து குடித்தாள், பிறகு போதும் என்று விட்டுவிட்டாள். ஒரு பெண் தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்குக்கூட என் மனைவி அழவில்லை. ஆனால் அந்த எட்டு வருடத்தில் அவளுடைய படம் ஒன்று கிடையாது. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "நீங்கள் எல்லாரும் நில்லுங்கோ, நான் எடுக்கிறன்," என்று போனை வாங்கிவிடுவாள். எங்கள் குடும்பத்தின் படங்களெல்லாம் அவள் எடுத்தவை. அவற்றில் அவள் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மதிலைப் போல அவளையும் வந்து நிற்கச் சொன்னேன்.

"முன்வீட்டு அக்காவைக் கேளுங்கோ. அவ சந்தோசமா நிப்பா," என்று சொல்லிவிட்டு மெஷினை மறுபடி மிதித்தாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. முன்வீட்டுக்குப் போகவில்லை. கமராவை முன்னறை மேசையில் புத்தகங்களுக்கு மேல் வைத்து, தானாக எடுக்கிற மாதிரி அமைத்துவிட்டு, ஓடிப்போய்ச் சுவரோடு கதிரையில் இருந்தேன். ஐந்தாறு தரம் ஓடினேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது அவளுடைய முதுகிலேயே தெரிந்தது. பிறகு எழுந்து வந்து கமராவின் திரையைப் பார்த்தாள்.

"உதென்ன, மஞ்சளும் பச்சையுமா, செங்கமாரி வந்த ஆள் மாதிரிக் கிடக்கு?"

"நிறம் பிழையாக் காட்டுது போலை. எழுதவேணும்."

"கமராவிலை ஏன் பழி போடுறியள்? பச்சைச் சுவருக்குப் பக்கத்திலை இருந்தால் முகமும் பச்சைதான். நான் இந்த அறைக்குள்ளை வைச்சோ சீலைக்கு நூல் பாக்கிறனான்?"

அவள் பார்ப்பது வீட்டின் வடக்குப் பக்கத்தில், வெயில் நேராக விழாத, மரத்தின் பச்சையும் எட்டாத ஓரிடத்தில். சீலையையும் நூல் கட்டைகளையும் அங்கே கொண்டுபோய்ப் பிடித்துப் பார்ப்பதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளைப் பொருள் ஒன்றைக் காட்டி இதுதான் வெள்ளை என்று கமராவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நான் விளக்கினேன்.

"எந்த வெள்ளை?" என்று கேட்டாள்.

உள்ளே போய் மூன்று வெள்ளைத் துணிகளோடு வந்தாள். பள்ளிக்கூடச் சட்டைத் துணி, பொப்ளின், சட்டைக்கு உள்ளே வைக்கிற லைனிங். பக்கத்தில் பக்கத்தில் விரித்ததும் எனக்கே தெரிந்தது. ஒன்று நீலம், ஒன்று பால். லைனிங் துணி மட்டும் எந்தப் பக்கமும் சாயவில்லை. பள்ளிக்கூடத் துணியைக் காட்டிவிட்டு எடுத்தால் என் முகம் சிவந்தது. லைனிங்கைக் காட்டிவிட்டு அவளே எடுத்தாள். "கண்ணைச் சுருக்காதேங்கோ. ஆரும் அடிக்க வரேல்லை." அந்தப் படத்தில் நான் நானாக இருந்தேன், நரைத்த மீசையும் வெயிலில் கறுத்த நெற்றியுமாக. கொப்பியில் என்ன எழுதுவது என்று தெரியாமல், 'நிறம் சரி' என்று மட்டும் எழுதினேன்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளாகவே கேட்டாள். "ஒண்டு எடுத்துப் பாருங்கோவன். முகம் வேண்டாம். கை."

வடக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கைப் போட்டு, அதன் மேல் கையை வைத்தாள். சின்ன வில்லையால் எடுத்தேன். மகள் விட்டுப்போன பழைய லப்டொப்பில் போட்டு இரண்டு பேரும் பார்த்தோம். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

"வெள்ளைக் கடதாசி வெட்டி ஒட்டின மாதிரிக் கிடக்கு. வெள்ளையெண்டாலும் தோல்தானே. அதிலையும் ரேகை இருக்கு, பாருங்கோ."

திரைக்குப் பக்கத்தில் கையை நீட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். எட்டு வருடமாக அந்தக் கையை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. பார்த்தால் அவளுக்கு நோகும் என்று கண்ணை வேறு பக்கம் வைத்துப் பழகியிருந்தேன். வெள்ளைக்குள்ளும் மெல்லிய கோடுகள் ஓடின. பெருவிரல் மூட்டில் ஊசி குத்திய பழைய தழும்பு ஒன்று, இளஞ்சிவப்பில். கமராவுக்கு அது எதுவும் தெரியவில்லை. ஒளி கூடி வெள்ளைப் பகுதியெல்லாம் வெளிறிப்போயிருந்தது.

ஒளியைக் குறைத்து எடுத்தேன். வெள்ளையில் ரேகை வந்தது, கறுப்பு மங்கிச் சேறாகிவிட்டது. இந்த வகைக் கமராவில், அது தன் விருப்பத்துக்குத் திருத்தாமல் கண்டதை அப்படியே வைத்திருக்கிற இன்னொரு கோப்பும் கிடைக்கும். அதைத் திறந்து, நிழலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அவள் கையைத் திரையோடு வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னும்… இன்னும் கொஞ்சம்… கூடிப்போச்சு, இறக்குங்கோ. ஆ, காணும், போதும்." நான் கைவிட்டிருந்த கறுப்புக்குள் இருந்து நரம்பும் நகமும் கண்ணாடி வளையலின் நிழலும் எழுந்து வந்தன. புள்ளி விழவில்லை. நடுத்தரக் கமராவில் இவ்வளவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இரண்டையும் பிடிக்குது," என்றாள் திருப்தியாக.

அந்தச் சந்தோசத்தில்தான் வியாழக்கிழமை நான் பிழை விட்டேன்.

அவள் முகத்துக்குச் சம்மதித்தாள். பின்னேரம் நாலு மணி. வடக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், கைகளைக் கட்டிக்கொண்டு, வைத்தியசாலையில் ஊசிக்கு நிற்கிற மாதிரி. நான் கமராவைத் தூக்கினேன். பிறகு இறக்கி, வட்டத் திருகியைக் குருநகர்க்காரர் காட்டிய இடத்துக்குத் திருப்பினேன். மூன்று படம் எடுத்தேன்.

லப்டொப்பில் போட்டதும் அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"இது ஆர்?"

"நீர்தான்."

"என்ரை கறுப்பு எங்கை?"

படத்தில் அவள் கோதுமை நிறமாக இருந்தாள். கலியாணப் பெண்களை வெளுப்பாக்குவதற்கான அமைப்பு அது. கறுப்பை ஏற்றி ஏற்றி வெள்ளைக்குக் கிட்டக் கொண்டுபோயிருந்தது. வெண்புள்ளிகள் தேடினால்தான் தெரியும். வடிவான படம்தான். ஆனால் கலியாணம் கட்டிய நாளில்கூட அவள் அந்த நிறத்தில் இருந்ததில்லை.

"கமரா தானாச் செய்ததோ, நீங்கள் செய்ததோ?"

கமரா என்று சொல்லியிருக்கலாம். "நான்தான் திருப்பினனான்," என்றேன். "இப்பிடி வருமெண்டு அவர் சொன்னவர். நீர் பாத்துச் சந்தோசப்படுவீர் எண்டு நினைச்சன்."

"என்னைச் சந்தோசப்படுத்த என்னை எடுத்துப்போட்டு வேறை ஆளை வைச்சியளோ?"

உள்ளே போய்விட்டாள். பொழுதுபடும் வரை மெஷின் ஓடியது. இடியப்பத்தை மேசையில் வைத்தாள், சொதி இருக்கிறது என்றாள், அவ்வளவுதான். நான் அந்த மூன்று படத்தையும் அழித்தேன். கொப்பியை எடுத்து எழுதப் பார்த்தேன். இது கமராவின் குறையா என்னுடையதா என்று தெரியவில்லை. கமராவின் பக்கத்தில் எழுத எதுவும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் தலைமுழுகி, நீல நூல்சீலை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நாளைக்குக் கொண்டுபோகவேணுமெல்லே? ஒருக்கா ஒழுங்கா எடுங்கோ. அந்தக் கலியாண நம்பரிலை வையாதேங்கோ."

லைனிங் துணியைக் காட்டி நிறத்தைச் சரிசெய்தேன். ஒளியை ஒரு படி குறைத்தேன். நடுப்புள்ளியை அவளுடைய இடது கண்ணில் வைத்தேன். முதல் எட்டுப் படத்திலும் அவள் விறைத்துக்கொண்டே நின்றாள். நான் கீழே விரித்து வைத்திருந்த அந்த லைனிங் துணியில் முன்வீட்டுக் கோழி ஒன்று வந்து ஏறியது. "சீ, போ! உனக்கு இதுவோ இடம் கிடைச்சது?" என்று அவள் திரும்பிக் கத்தினாள். நான் அழுத்தினேன்.

அவள் தேர்ந்தெடுத்தது அதைத்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வாயோரத்து வெள்ளை முழுவதும் தெரிந்தது. கண்ணைச் சுற்றிய வெள்ளையில் சுருக்கங்கள் தெரிந்தன. கன்னம் அவளுடைய கறுப்பு, ஈரத் தலைமயிரின் கறுப்பு வேறு, சீலையின் நீலம் வேறு. கையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ம். இது நான்தான்."

என்னைக்கொண்டு தன் போனில் ஏற்றுவித்து மகளுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மகள் போனில் அழைத்தாள். எனக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. "ஓம்… ஓம், அப்பாதான்… இல்லை, ஒண்டும் பூசேல்லை… கோழியைப் பேசினனான்… ஏன் பிள்ளை? ஏன் உப்பிடி? நீ சாப்பிட்டனீயோ?" போனை வைத்துவிட்டு, "அவள் அழுகிறாள், விசரி," என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை தானும் வருகிறேன் என்று குருநகருக்கு வந்தாள். விறாந்தையில் கதிரை போட்டார்கள். நான் கொப்பியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். ஓரத்துப் புள்ளிகள் பிந்துகின்றன, மூலை மங்கல், பாரம். மற்றபடி வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவில் நிறையத் தாங்குகிறது, பற்றரி வியாழக்கிழமை வரை நின்றது, பார்க்கிற யன்னல் அருமை. அவர் எல்லாவற்றுக்கும் "ஓம் சேர், உண்மைதான்" என்றார். "நானும் நடுப்புள்ளியிலைதான் எடுக்கிறனான்."

"தம்பி," என்றாள் என் மனைவி. "அந்தக் கலியாண நம்பரிலை எல்லாரையும் ஏன் வெள்ளையாக்கி வைச்சிருக்கிறியள்?"

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கமராவைப் பார்த்தார். "நாங்களா ஆக்கேல்லை அக்கா. பொம்பிளை வீட்டார்தான் கேக்கினம். வெள்ளையா வரேல்லையெண்டால் கலியாணப் பட அல்பத்தைத் திருப்பி அனுப்புவினம்."

"நான் கேக்காமலே எனக்கு வெள்ளை வந்தது, தம்பி. அதிலை பெரிசா ஒண்டும் இல்லை."

முதலில் சிரித்தது உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி. பிறகு என் மனைவியும் சிரித்தாள். அதன் பிறகுதான் எங்கள் இரண்டு ஆண்களுக்கும் சிரிக்கத் துணிவு வந்தது. தேத்தண்ணி குடித்தோம். சூம் வில்லை வேண்டாம், அந்தச் சின்னது போதும் என்று அவள் சொன்னாள். எனக்குச் சூமும் தேவைப்பட்டது. இரண்டையும் வாங்கினோம்.

இப்போது இரண்டு வருடமாகிறது. கமரா பெரும்பாலும் அவளிடம்தான். சட்டை தைக்க வருகிற பெண்களை, தைத்து முடிந்ததும் வடக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்துக் கொடுக்கிறாள். அவரவர் நிறத்தில். இரண்டு பேர் குறைப்பட்டார்கள், மற்றவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். நான் கிடைக்கிற நேரத்தில் வள்ளங்களை எடுக்கிறேன். ஓரத்துப் புள்ளிகள் இன்னும் திருந்தவில்லை. போன வைகாசி வெயிலில் கைப்பிடியின் ரப்பர் ஊதிக் கழன்று வந்தது. அதைச் சோதிக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவள் பசை போட்டு ஒட்டி, மேலே ஒரு துண்டு மெரூன் துணியை இழுத்துத் தைத்துவிட்டாள். பிடிக்க முந்தியதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் பாரம் கூடவாம், கை உளைகிறதாம். அடுத்தது கண்ணாடி இல்லாத வகையாகப் பாருங்கோ என்கிறாள். நான் மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.